முதலில் பாட்டு, பிறகுதான் பேச்சு

மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கும்போதே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பக்கத்து இருக்கைக்காரர் கோலாலம்பூரில் ஆரம்பித்து வழி முழுக்க என் தோளில் தூங்கிவிட்டு, இறங்கும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, “உங்களுக்குத் தூக்கம் வரலையா மேடம்?” என்று அக்கறையாகக் கேட்டார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் வெயில் பளாரென்று அறைந்தது.

எனக்கு ஊர் தைப்பிங். மலேசியாவில் மழைக்குப் பேர்போன ஊர். சாயங்காலம் ஆனால் குடை விரித்துத்தான் ஆகவேண்டும். என் வீட்டுக்காரர் தாம்பரத்துப் பிள்ளை. அங்கே வேலைக்கு வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். அவருடைய ஒரே தங்கை கிரேஸ், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கிழக்குத் தாம்பரத்தில் தனியாக இருக்கிறாள். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. மகள் நியூசிலாந்தில் கைக்குழந்தையோடு. கிரேஸுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி, ஆபரேஷன் செய்து எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். “எனக்கு முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது. நீ போ. அவளுக்குக் கூட ஒரு ஆள் இருந்தா போதும்” என்று என்னைப் பெட்டியோடு தள்ளிவிட்டார் மனிதர்.

நோயாளி படுக்கையில் இருப்பாள், நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன் என்று நினைத்துக்கொண்டு போனால், கிரேஸ் பட்டுக்கரைச் சேலை கட்டி, தலை வாரி, கைப்பையோடு வாசலில் நிற்கிறாள். கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துப்பட்டா. அந்த வெயிலில்!

“வாங்க அண்ணி. சீக்கிரம் குளிச்சிட்டு வாங்க. கீழ்க்கட்டளைக்குப் போகணும், வீடு சந்திப்பு இருக்கு.”

“ஆபரேஷன்?”

“அதுக்கு இன்னும் நாள் இருக்கு. சங்கத்துல யாருக்கும் தெரியாது. நீங்க வாயத் திறக்காதீங்க, ப்ளீஸ்.”

வீடு சந்திப்பு என்பது இவர்கள் சபையின் மாதர் சங்கத்துக்கு மூச்சு மாதிரி. யாருக்காவது உடம்பு முடியவில்லை, யார் வீட்டிலாவது துக்கம் என்றால் நாலைந்து பெண்களாகக் கிளம்பிப் போய்விடுவார்கள். போனதும் முதலில் பாட்டு. பிறகு ஒரு வசனம், பிறகு ஜெபம். ஆமென் சொன்ன பிறகுதான் “எப்படி இருக்கீங்க” என்ற பேச்சும் டீயும். பேச்சை முதலில் ஆரம்பித்தால் ஊர்வம்பில் போய் முடியும், ஜெபம் நடக்காது என்று யாரோ ஒரு காலத்தில் வைத்த சட்டமாம். பாட்டை எடுத்துக் கொடுப்பது எப்போதும் கிரேஸ்தான். அவளுடைய குரல் கனமானது, கொஞ்சம்கூட அலங்காரம் இல்லாதது. அவள் முதல் வரியைத் தொடங்கினாள் என்றால் அழுதுகொண்டிருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

கீழ்க்கட்டளையில் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். பாட்டு முடிந்தது. வசனம் முடிந்தது. சங்கத்துச் செயலாளர் எஸ்தர் அக்கா கண்ணை மூடியபடியே சொன்னார்: “மலேசியாவுலேந்து வந்திருக்கிற சகோதரி நமக்காக ஒரு சின்ன ஜெபம் ஏறெடுப்பாங்க.”

எனக்குப் பகீரென்றது. எங்கள் ஊர் ஆலயத்தில் ஜெபமெல்லாம் அச்சடித்து இருக்கும். குருவானவர் ஒரு வரி, நாங்கள் ஒரு வரி. வாய்க்கு வந்தபடி பலர் முன்னால் நான் கடவுளிடம் பேசியதே இல்லை. இங்கே எல்லோரும் தலைகுனிந்து காத்திருக்கிறார்கள். மனப்பாடமாக எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஜெபம். அதைச் சொல்லிவிட்டேன். “ஆண்டவரே, நீர் தந்த இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதை ஆசீர்வதியும். ஆமென்.”

மாவுக்கட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்து அடுக்களைப் பக்கம் பார்த்தார். அவர் மனைவி தடுமாறிப்போய் எழுந்து, விருந்தாளிகளுக்கென்று கிண்டி வைத்திருந்த கேசரியை எடுத்துவந்து எல்லோருக்கும் கொடுத்தார், அவருக்கும் சேர்த்து. சர்க்கரை நோய் என்று பல நாளாக அவருக்கு இனிப்பே கிடையாதாம். “இப்படி ஒரு ஜெபம் எனக்கு யாருமே பண்ணதில்லம்மா” என்று மனிதர் உருகிவிட்டார். திரும்பும் வழியெல்லாம் கிரேஸ் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கு அவளைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலை இட்லியும் வடகறியும் வாங்கிவந்தாள். நான் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றில் வளர்ந்தவள், எனக்கு எந்த வடையும் முழுசாக இருந்தால்தான் வடை. ஆனால் பிய்த்துப்போட்டுக் குழம்பாக்கிய இந்த வடையை மூன்றுமுறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அன்று படப்பைக்கு ஒரு வீடு சந்திப்பு. ஷேர் ஆட்டோவில் எங்களுக்கு எதிரே ஒரு வடநாட்டுப் பையன், ஒரகடத்து ஆலை ஒன்றில் வேலையாம், போனில் பேசிக்கொண்டே வந்தான். கிரேஸுக்கு ஹிந்தி தெரியும். என்ன சொல்கிறான் என்று கேட்டேன். “அம்மாகிட்ட பேசறான். நல்லா சாப்பிட்டேன், நல்லா தூங்கினேன், நீ கவலைப்படாதேங்கறான்” என்றாள். அந்தப் பையனின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண் சிவந்திருந்தது. கிரேஸ் கைப்பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“ஊரெல்லாம் போய் ஆறுதல் சொல்றே. உனக்கு ஒண்ணுன்னா எதுக்கு மறைக்கறே? அந்த ஆட்டோப் பையனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?”

கீரையை வைத்துவிட்டாள். “கட்டி ஒண்ணும் மோசமானது இல்லன்னு டெஸ்ட்ல வந்திருச்சு அண்ணி. ஆனா குரல் நரம்பு பக்கத்துலயே போகுதாம். சிலருக்குக் குரல் பாதிக்கும்னு டாக்டர் சொன்னார். எனக்கு அந்தக் குரலை விட்டா என்ன இருக்கு? பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னு இத்தனை வருஷமா அடுத்தவங்களுக்குச் சொல்லிட்டு, இப்ப எனக்கு பயமா இருக்குன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆகாதா?”

அவளுக்கு ஆறுதல் சொல்ல வந்தவள் நான். டீதான் போட்டுக் கொடுத்தேன். அதில் சர்க்கரை போட மறந்துவிட்டேன், அவள் அதையே குடித்து முடித்தாள்.

சனிக்கிழமை கேளம்பாக்கம். சங்கத்தில் ஒருவருடைய சொந்தக்காரப் பெண் அங்கே புதிதாகக் குடிவந்திருக்கிறாள். அவளுடைய அம்மா போன வாரம் காலமாகிவிட்டார். இவர்கள் யாரும் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை. நாங்கள் கிரேஸ், எஸ்தர் அக்கா, நான் என்று மூன்று பேர்தான். வண்டலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிவந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். எங்கள் ஊரில் இப்படி ஆனால் எல்லோரும் போனை எடுத்துப் புகார் செய்வார்கள். இங்கே பாதிப்பேர் இறங்கி இளநீர் குடிக்கப் போனார்கள். கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது. மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்தாவது ஆளாக நான்.

“எப்பா, மூச்சு விட முடியலப்பா” என்றேன்.

“இன்னாமா, இதுக்கே பேஜார் பண்ற? நாவலூர்காரங்க ரெண்டு பேரு வந்துகினு கீறாங்க, கொஞ்சம் தள்ளிக் குந்து” என்றார் ஓட்டுநர்.

தள்ளிக் குந்த ஒன்றுமில்லை. எஸ்தர் அக்காவின் மடியில் பாதி, கம்பியில் பாதி என்று போய்ச் சேர்ந்தேன்.

நேரமாகிவிட்ட பதற்றத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் ஓட்டமும் நடையுமாகப் போனோம். எல்லாக் கட்டடமும் ஒரே நிறம். மூன்றாம் மாடி ஏறினோம். கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு குவியல் செருப்பு. உள்ளே சோபாவில் ஒரு பெண், கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிய உட்கார்ந்திருந்தாள். துக்க வீடு என்பதற்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? “ஸ்தோத்திரம்மா” என்று கைகூப்பிவிட்டு எஸ்தர் அக்கா உட்கார்ந்தார், நாங்களும் உட்கார்ந்தோம். கிரேஸ் கண்ணை மூடிப் பாட்டை எடுத்துவிட்டாள்.

அந்தப் பெண் திகைத்தாள். பிறகு துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்தாள். பாட்டு முடிந்ததும் எஸ்தர் அக்காவின் ஜெபம். அதைக் கேட்டால் மூன்றாம் மாடியில் மட்டுமில்லை, தரைத்தளத்திலும் அழுவார்கள். “இந்தச் சகோதரியின் அருமைத் தாயாரை நீர் எடுத்துக்கொண்டீர் ஆண்டவரே, தாயில்லாத இந்தப் பிள்ளையை நீரே தாயாக இருந்து தேற்றும், ஆறுதல் கொடும்...”

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே, நாங்கள் நுழைந்த வாசலுக்கு மேலே, அரபு எழுத்தில் எழுதிச் சட்டம் போட்ட ஒரு படம். எதிரே மேசையில் பாதி நறுக்கிய வெங்காயம் ஒரு முறம் நிறைய.

அந்தப் பெண் முகம் வெளிறிப்போய் போனைத் தேடிக்கொண்டிருந்தாள். நம்பரைப் போட்டாள். “அம்மா! அம்மா, நல்லாக் கீறியா? ஒண்ணும் இல்லியே உனக்கு?”

போனுக்குள்ளிருந்து ஒரு வயதான குரல் அறை முழுக்கக் கேட்டது. “எனக்கு இன்னாடி? பிரியாணிக்கு அரிசி ஊறப்போட்டுகினு கீறேன். உனுக்கு இன்னா ஆச்சு?”

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. எஸ்தர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வெங்காயக்காரிக்குச் சிரிப்பில் இன்னும் கண்ணீர் வந்தது. பெயர் நசீமா. புருஷன் கேளம்பாக்கம் கூட்டு ரோட்டில் செருப்புக்கடை வைத்திருக்கிறார். வாசலில் கிடந்தது அத்தனையும் அவர் கடைக்கு வந்த புதுச் சரக்கு. நாங்கள் போகவேண்டியது பக்கத்துக் கட்டடம்.

“முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் எஸ்தர் அக்கா.

“எப்புடிக்கா சொல்றது? நீங்க வந்தீங்க, குந்துனீங்க, பாட ஆரம்பிச்சிட்டீங்க. துஆ கேக்கும்போது குறுக்க பேசலாமா? அதுவும் அந்தப் பாட்டு...” என்று கிரேஸைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று முன்னால் குனிந்தாள். சிரித்த சிரிப்பில் கிரேஸின் கழுத்துத் துணி நழுவியிருந்தது. “கழுத்துல இன்னாக்கா, கட்டியா?”

கிரேஸ் துணியை இழுத்தாள். நசீமா தன் துப்பட்டாவை விலக்கித் தன் கழுத்தைக் காட்டினாள். குறுக்கே ஒரு மெல்லிய தழும்பு. “எனக்கும் எடுத்தாங்க. தைராய்டுதானே? எப்ப ஆபரேஷன்?”

எஸ்தர் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். “ஆபரேஷனா? யாருக்கு?”

கிரேஸ் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். “எனக்குத்தான் அக்கா, வர புதன்கிழமை” என்றாள் கிரேஸ். அப்புறம் குரல் உடைந்துவிட்டது. “குரல் போயிடுமோன்னு எனக்கு ரொம்ப பயமா இருக்கு அக்கா.”

எஸ்தர் அக்காவுக்கு மூக்கு சிவந்தது. “ஏண்டி, என் வீட்டுக்காரர் போனப்ப உன் தோள்லதானே சாஞ்சு அழுதேன்? என் தோள்ல ஒரு தடவ சாஞ்சா நீ என்ன குறைஞ்சு போயிடுவே?” என்று திட்டிக்கொண்டே அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவ்வளவு நாள் அவளுடைய ரகசியத்தை நானும் சுமந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

“எனக்குக் கொஞ்ச மாசம் குரலே வர்ல. எங்க வூட்டுக்காரருக்கு ஒரே குஷி. அப்புறம் வந்துச்சு பாரு, சேத்து வெச்சுத் திட்டினேன்” என்றாள் நசீமா. அவளுக்குக் குரல் இன்னும் லேசாகக் கரகரப்புத்தான். இஞ்சி டீ போட்டுக் கொடுத்தாள். கிளம்பும்போது எஸ்தர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, எனக்கு ஆறுதல் குடுன்னு அவ்ளோ கேட்டீங்களே. எங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. அந்த ஆறுதல இவங்களுக்கு மாத்திக் குடுக்கச் சொல்லுங்க. நானும் துஆ செய்றேன்.”

சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அம்மாவை இழந்த பெண் கல்லாக உட்கார்ந்திருந்தாள். கிரேஸ் பாடினாள். வழக்கமாகச் சொல்லும் “பயப்படாதேம்மா” மட்டும் அன்று அவள் வாயில் வரவில்லை. “எனக்கும் புதன்கிழமை ஒரு ஆபரேஷன்மா. பயமாத்தான் இருக்கு. ஆண்டவர் கூட இருக்கார்ங்கறதால பயம் போயிடல, ஆனா பயத்தோட தனியா இல்ல நான்” என்றாள். அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, கிரேஸின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். எஸ்தர் அக்கா அன்று ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். அதுவும் நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

புதன்கிழமை காலை குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில், பச்சை உடுப்பு மாட்டி கிரேஸைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துவிட்டார்கள். சங்கத்துக்காரர்கள் கீழே வரவேற்பறையில் இருந்தார்கள். மேலே ஒருவரைத்தான் விட்டார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அண்ணி, நீங்க ஜெபம் பண்ணுங்க.”

“நானா? மறுபடி சாப்பாட்டு ஜெபம்தான் வரும்.”

“அதுவாச்சும் பண்ணுங்க.”

கண்ணை மூடினேன். “ஆண்டவரே, இவ பயந்திருக்கா. நானும்தான். பத்திரமாப் பார்த்துக்கோங்க. ஆமென்.” அவ்வளவுதான் வந்தது. அச்சடித்த வரிகளை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன், எனக்கு அவை பிடிக்கும். ஆனால் என் சொந்த வாயால் கேட்டபோது, யாரோ காதை என் பக்கம் சாய்த்துக் கேட்டதுபோல் இருந்தது.

கிரேஸ் கண்ணைத் திறந்தாள். “அவ்வளவுதானா அண்ணி?” என்று கேட்டாள். அதற்குள் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் பெயரைச் சொல்லச் சொன்னார் டாக்டர். காற்றுதான் வந்தது. வீக்கம் வடிந்தால் சரியாகும், கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பாருங்கள் என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவாள், காற்றாடி வேண்டுமென்றால் மேலே கைகாட்டுவாள். பேசிப் பார்த்து வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம். “எப்படி இருக்கா?” என்று தைப்பிங்கிலிருந்து அவள் அண்ணன் தினமும் கேட்டார். “உங்க தங்கச்சி இவ்வளவு அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்ல” என்று சிரித்துச் சொன்னேன். போனை வைத்த பிறகு அடுக்களையில் நின்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சங்கம் முழுவதும் வந்துவிட்டது. கீழ்க்கட்டளைக் கேசரி அம்மா, எஸ்தர் அக்கா, இன்னும் ஐந்தாறு பேர். எல்லோருக்கும் பின்னால் தூக்குவாளியோடு நசீமா. “நோன்பு இல்லாத மாசத்துல நோன்புக் கஞ்சி வெச்சேன்க்கா. தொண்டைக்கு இதமா இருக்கும்” என்றாள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை. முதலில் பாட்டு, பிறகுதான் பேச்சு.

ஆனால் பாட்டை யார் எடுப்பது? எடுப்பவள் கட்டிலில் வாயை மூடிப் படுத்திருக்கிறாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எஸ்தர் அக்கா தொண்டையைச் செருமிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கிரேஸின் கண்ணில் நீர் திரண்டது. எனக்குப் பொறுக்கவில்லை. கேளம்பாக்கத்தில் அவள் பாடிய அதே பாட்டை நான் எடுத்தேன்.

எடுத்தேனா, எங்கேயோ உச்சாணியில் எடுத்துவிட்டேன். இரண்டாவது வரிக்குள் கேசரி அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. எஸ்தர் அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. எட்டிப்பிடிக்க முடியாமல் ஒவ்வொருவராகக் கைவிட, கடைசியில் நான் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தேன். கிரேஸ் படுக்கையில் கையை ஆட்டினாள். கீழே இறக்கு, கீழே இறக்கு என்று உள்ளங்கையால் காட்டினாள். எனக்கு இறக்கத் தெரியவில்லை. மூன்றாவது வரியில் அவளால் தாங்க முடியவில்லை.

“சுருதி ரொம்ப மேல இருக்கு அண்ணி.”

பாட்டு நின்றுவிட்டது. வந்த சத்தம் ஓட்டை மண்பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல் கரகரவென்று, பாதி காற்றும் பாதி ஒலியுமாக இருந்தது. ஆனால் அது குரல்தான். சொன்னவள் தானே பயந்துபோய்க் கழுத்தில் கைவைத்துக்கொண்டாள். நசீமா “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள், எஸ்தர் அக்கா “ஸ்தோத்திரம்” என்றார், இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. கிரேஸ் அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. என்னைப் பார்த்து, ம், ஆரம்பியுங்கள் என்று கையைக் காட்டினாள்.

கொஞ்சம் இறக்கி, மறுபடி எடுத்தேன்.